சக்திக்கு மீறிய சுமை



1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மாலை 6.32 மணிக்குச் சவூதி அரேபிய விமானம் ஒன்று தில்லியிலிருந்து புறப்பட்டது. அந்த போயிங் 747இல் 312 பேர் இருந்தனர். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, பிழைப்புக்காகக் கடல் கடந்த இந்தியத் தொழிலாளர்கள் அவர்களுள் பலர். அதே வேளையில் கசாக்ஸ்தானின் ஷிம்கென்ட் நகரிலிருந்து வந்த இல்யூஷின் 76 விமானம் 37 பேருடன் தில்லியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. சில நிமிடங்களில் அரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டும் மோதிக்கொண்டன. 349 பேரில் ஒருவரும் உயிர் பிழைக்கவில்லை. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

நடந்தது என்ன? தில்லிக் கட்டுப்பாட்டாளர் சவூதி விமானத்தை 14,000 அடியிலும் கசாக் விமானத்தை 15,000 அடியிலும் நிலைகொள்ளுமாறு பணித்திருந்தார். எதிரே ஒரு விமானம் வருவதையும், அது எத்தனை மைல் தொலைவில் இருக்கிறது என்பதையும் கசாக் விமானத்துக்கு எச்சரித்தார். ஆயினும் அது தனக்கு விதிக்கப்பட்ட உயரத்திற்குக் கீழே இறங்கிவிட்டது. நீதிபதி லஹோத்தி தலைமையிலான விசாரணை ஆணையம் இதையே முதன்மைக் காரணமாகக் கண்டது. கசாக் விமானிகளின் ஆங்கிலப் போதாமையையும் அவர்களிடையே ஒருங்கிணைப்பு இல்லாமையையும் சுட்டிக்காட்டியது.

இவ்வளவோடு காரணம் முடிந்துவிடவில்லை. அந்நாளில் தில்லிக்கு வருவனவும் அங்கிருந்து செல்வனவும் ஒரே வான்வழியைப் பயன்படுத்தின. கட்டுப்பாட்டாளரின் ராடார் திரை, விமானம் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டியதேயன்றி, எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் காட்டவில்லை. விமானி சொன்ன உயரத்தை அவர் நம்பித்தான் ஆகவேண்டும். வருகைக்கும் புறப்பாட்டுக்கும் தனித்தனிப் பாதைகளும், மோதல் நேரவிருப்பதை விமானிக்கே உணர்த்தும் எச்சரிக்கைக் கருவியின் கட்டாயமும் இந்தியாவில் வந்தது இத்தனை உயிர்கள் போன பிறகுதான்.

இந்தப் பழைய செய்தியை இப்போது தேடிப் படிக்க ஒரு காரணம் உண்டு. என் தமக்கையாரின் மகன் பொறியியல் முடித்து, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் பணிக்குப் பயிற்சி பெறத் தேர்வாகியிருக்கிறான். பரந்தூரில் புதிய விமான நிலையம் அமையும் என்று 2022இல் அறிவிக்கப்பட்டது முதல் எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்தில் விமானப் பேச்சுக்குக் குறைவில்லை. நிலத்தைப் பற்றிப் பேசுவார்கள், ஏரிகளைப் பற்றிப் பேசுவார்கள். திரைமுன் அமர்ந்து வானத்தைக் காக்கும் மனிதரைப் பற்றி எவரும் பேசிக் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் மட்டும் அந்தப் பேச்சு வந்தது. தமக்கையார் என்னிடம் கேட்டார்: “தம்பி, என் பிள்ளையின் வாயில் ஒரு சொல் பிசகினால் எத்தனை உயிர் போகும்? அல்லாஹ்விடம் அவன் என்ன பதில் சொல்வான்? இந்த வேலை வேண்டாம் என்று தடுத்துவிடட்டுமா?”

தாயின் அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. சொல் பிசகும் என்பதை அந்தத் துறையே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கட்டுப்பாட்டாளர் இடும் ஆணையை விமானி அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் சரியாகச் சொல்கிறாரா என்பதைக் கட்டுப்பாட்டாளர் செவிமடுக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். ஆனால் காது கேட்பதற்கும் மனம் கவனிப்பதற்கும் இடைவெளி உண்டு. ஒரே நேரத்தில் பல விமானங்களின் உயரம், வேகம், திசை ஆகியவற்றை நினைவில் ஏந்தியிருப்பவர், தாம் எதிர்பார்த்ததையே கேட்டதாக எண்ணிவிடக்கூடும். சுமை கூடக்கூட இந்த இடைவெளி விரியும். தூக்கமற்ற இரவுகளில், போக்குவரத்துக் குறைவாக இருக்கும்போதும் அது விரியும்.

2002 ஜூலை 1ஆம் நாள் இரவு ஜெர்மனியின் யூபர்லிங்கன் நகருக்கு மேலே இது நிகழ்ந்தது. சூரிச் கட்டுப்பாட்டு மையத்தில் இருவர் பணியில் இருக்க வேண்டிய நேரத்தில் ஒருவர் ஓய்வுக்குச் சென்றிருந்தார். இரவில் அவ்வாறு செய்வதை நிர்வாகம் அறிந்தே அனுமதித்து வந்தது. எஞ்சிய ஒருவர் இரண்டு திரைகளைத் தனியே பார்த்தார். பராமரிப்புப் பணியினால் எச்சரிக்கை வசதியின் ஒரு பகுதி செயல்படவில்லை. தொலைபேசி இணைப்பும் சரியாகக் கிடைக்கவில்லை. தாமதமாக வந்த இன்னொரு விமானத்தைத் தரையிறக்குவதில் அவர் கவனம் சென்றது. இரு விமானங்கள் நெருங்குவதை அவர் கண்டபோது ஒரு நிமிடமும் மிச்சமில்லை. ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார். அதிலிருந்த கருவியோ ஏறச் சொன்னது. விமானிகள் மனிதரின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு இறங்கினர். சரக்கு விமானமும் தன் கருவி சொன்னபடி இறங்கியது. 71 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் பள்ளிக் குழந்தைகள். 2004இல், மனைவியையும் மக்களையும் இழந்த ஒருவர் அந்தக் கட்டுப்பாட்டாளரைத் தேடிச் சென்று கொன்றார். 2007இல் சுவிட்சர்லாந்து நீதிமன்றம் அந்நிறுவனத்தின் மேலாளர்கள் நால்வரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. பழி ஒருவர் மீது விழுந்தது. பொறுப்பு பலருடையதாக இருந்தது.

எங்கள் தெருவில் பட்டுத் தறிகள் உண்டு. கோர்வைச் சேலை நெய்ய வழக்கமாக இருவர் வேண்டும்: தறியில் அமர்பவர் ஒருவர், கரைக்குரிய நாடாவைத் தள்ள ஒருவர். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, முடிச்சிட்டு, மீண்டும் நெய்வார்கள். ஆனால் பறக்கும் விமானத்தை அப்படி நிறுத்தி வைக்க முடியாது. ஆகவே ஓய்வும் துணையும் வேலை தொடங்கும் முன்பே திட்டமிடப்பட வேண்டியவை. பல நாடுகளில் ஏறத்தாழ 2 மணி நேரத்திற்கு மேல் ஒருவரைத் திரைமுன் தொடர்ந்து அமர்த்துவதில்லை என்ற வழக்கம் இதனால்தான் வந்தது.

தமக்கையாரிடம் நான் தொழுகையை நினைவூட்டினேன். நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை நான்கு ரக்அத் தொழுகையில் இரண்டிலேயே ஸலாம் கொடுத்துவிட்டார்கள். துல்யதைன் (ரலி) என்னும் தோழர் துணிந்து கேட்டார். நபியவர்கள் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. மற்றவர்களிடம் கேட்டு உறுதிசெய்தார்கள். விடுபட்டதைத் தொழுது, மறதிக்கான ஸஜ்தாவும் செய்தார்கள். இன்றும் இமாம் தவறினால் பின்னால் நிற்பவர் எவராயினும் ‘சுப்ஹானல்லாஹ்’ என்று உணர்த்தலாம். பெண்கள் கையைத் தட்டி உணர்த்தலாம். ஐவேளைத் தொழுகையிலேயே மனிதன் மறப்பான் என்பது ஏற்கப்பட்டு, திருத்தும் வழியும் வைக்கப்பட்டிருக்கிறது. திருத்துவது அவமதிப்பு ஆகாது. திருத்தப்படுவது இழிவும் ஆகாது.

“உன் மகன் ஒருபோதும் தவறமாட்டான் என்று நான் உறுதி தர முடியாது. அவனுடைய அமானிதம் வேறு. சோர்வை மறைக்காமல் சொல்வது, ஐயம் வந்தால் மீண்டும் கேட்பது, பக்கத்தில் இருப்பவர் திருத்தினால் நன்றியோடு ஏற்பது, இவைதாம். இவற்றைப் பேணியபின் எஞ்சுவதை நிய்யத்தை அறிந்தவனிடம் ஒப்படைப்போம்” என்றேன். எந்த ஆன்மாவையும் அதன் சக்திக்கு மீறி அல்லாஹ் சிரமப்படுத்துவதில்லை என்று கற்பிக்கும் சூரத்துல் பகராவின் இறுதி வசனம் தமக்கையாருக்கு மனப்பாடம். அவர் சிறிது நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, “அல்லாஹ் சுமத்துவதில்லை, சரி. மனிதர்கள் சுமத்துகிறார்களே” என்றார்.

அந்தச் சொல் என்னை விட்டு அகலவில்லை. பணியாளர்களின் சக்திக்கு மீறிச் சுமை ஏற்றாதீர்கள், ஏற்றினால் நீங்களும் கைகொடுங்கள் என்பது நபியவர்களின் போதனை. உம்ராவுக்குச் செல்வோரை வழியனுப்ப வேன் பிடித்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் கடந்து சென்னை விமான நிலையம் செல்கிறோம். ஓட்டுநர் முந்தைய இரவு உறங்கினாரா என்று நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? ரமளானில் ஸஹருக்கு முன்னே எழுந்து, தராவீஹ் முடிந்த பின்னும் அடுப்படியில் நிற்கும் பெண்களின் வேலையைப் பகிர்கிறோமா? ஐவேளை இமாமத், மதரஸா, நிக்காஹ், ஜனாஸா என அனைத்தையும் ஒரே ஆலிமிடம் ஒப்படைத்துவிட்டு, ஒருநாள் அவர் ஐந்து நிமிடம் தாமதித்தால் ஜமாஅத்தில் முறையிடுகிறோமே, அது நீதியா?

தவறிய பின் விசாரிப்பது எளிது. தவறுமுன் சுமையை இறக்கி வைப்பதே ஈமானுக்கு அழகு. நமக்காகத் தரையிலும் வானிலும் விழித்திருக்கும் ஒவ்வொருவருக்கும் வல்ல ரஹ்மான் தெளிந்த மனத்தையும் தகுந்த ஓய்வையும் நல்ல துணையையும் தந்தருள்வானாக. பிறர் மீது நாம் ஏற்றிய சுமைகளைக் காணும் கண்ணை நமக்கும் தருவானாக. ஆமீன்.