ட்ரம்பெட்காரரும் மூன்று பொடியன்களும்

கிழக்கிலங்கையின் கல்முனைக்குடியில் குர்ஆன் மத்ரஸாவில் ஓதி வளர்ந்த பிள்ளைக்கு முதலில் அறிமுகமாகும் ஊதுகருவி இஸ்ராபீல் அலைஹிஸ்ஸலாமின் ஸூர்தான். கியாமத்து நாளில் அதை ஊத, மலைகள் பஞ்சாகப் பறக்கும் என்று லெப்பை சொல்லித் தருவார். மற்றபடி எங்கள் காதில் விழுந்ததெல்லாம் தோலும் மரமும்: கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு வரும் பக்கீர் பாவாமாரின் றபான், பொல்லடிக் கம்புகள், மருதமுனைத் தறிகள். இவற்றில் எது கூடும், எது கூடாது என்று ஜும்ஆ முடிந்த கையோடு வாக்குவாதப்படுகிற ஊர் வேறு. அங்கிருந்து வந்தவன் ஒஸ்லோவில் ஜாஸ் கேட்கப் பழகியதற்கு ஒரு போலந்துக்காரிதான் காரணம்.

நோர்வேயில் குடியேறியவர்களில் போலந்துக்காரரே அதிகம். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்திலும் அப்படித்தான். இரவு வேலையில் என்னோடு நின்ற ஒருத்தி ஒருநாள் ஒரு சீடியைக் கையில் தந்து, “இது உன் ஊரில் பதிந்தது” என்றாள். என் ஊர் என்று அவள் சொன்னது ஒஸ்லோவை. அப்படி ஒருவரும் அதுவரை என்னிடம் சொன்னதில்லை.

ட்ரம்பெட்காரர் தோமாஷ் ஸ்டான்கோவின் நால்வர் குழு வாசித்த ‘சோல் ஒஃப் திங்ஸ்’ அது. 2001 ஆகஸ்டில் ஒஸ்லோவின் ரெயின்போ ஸ்டுடியோவில் பதிந்து, மியூனிக்கின் ஈசிஎம் நிறுவனம் 2002இல் வெளியிட்டது. 2002 என்றால் எங்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். அந்தப் பெப்ரவரியில் நோர்வேயின் அனுசரணையில் இலங்கை அரசுக்கும் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்தம் கையெழுத்தானது. பேச்சுவார்த்தை மேசையில் முஸ்லிம்களுக்குத் தனித் தரப்பு வேண்டும் என்று கிழக்கில் ஊர் ஊராகக் கேட்டோம். நோர்வே என்றால் அன்று எங்களுக்கு அந்த மேசை மட்டும்தான். அதே நாட்டில் நான்கு போலந்துக்காரர் சத்தமில்லாமல் வந்து வாசித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஸ்டான்கோவுக்கு அப்போது 59 வயது. பியானோவில் மார்ச்சின் வாசிலெவ்ஸ்கி, பாஸில் ஸ்வாவோமிர் குர்கியெவிச், ட்ரம்ஸில் மிஹாவ் மிஷ்கியெவிச். மூன்று பேரும் இருபதுகளின் நடுவில். இசைத்தட்டில் பதின்மூன்று துண்டுகள். எதற்கும் பெயரில்லை, ஒன்று முதல் பதின்மூன்று வரை எண் மட்டும். ட்ரம்பெட் என்றால் முழங்கும் என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய ஆச்சரியம். பித்தளையின் மினுக்கமே இல்லை. காற்று கலந்த, ஓரம் கிழிந்த குரல். ஒரு வரி சொல்லிவிட்டு மனிதர் ஒதுங்கிவிடுகிறார். பிறகு நெடுநேரம் பொடியன்கள்தான் பேசுகிறார்கள். என் மகள் ஒருமுறை பாதியில் கேட்டாள்: “வாப்பா, பெரியவர் எங்க போயிட்டார்?”

அவர் எங்கிருந்து வந்தவர் என்று பார்த்தால் இது கொஞ்சம் விளங்கும். 1942இல் ஜெஷூஃபில் பிறந்தவர். கம்யூனிஸ்ட் போலந்தில் ஜாஸ் என்பது வோய்ஸ் ஒஃப் அமெரிக்கா வானொலியில் வில்லிஸ் கொனோவரின் குரல் வழியாக இரவில் வந்து சேர்ந்த பொருள். (என் வாப்பா இலங்கை வானொலி முஸ்லிம் நிகழ்ச்சிக்காக முள்ளைத் திருகிக்கொண்டிருந்தது போலவே அங்கும் யாரோ ஒரு வாப்பா திருகியிருப்பார்.) 1958இல் அமெரிக்கப் பியானோக்காரர் டேவ் புரூபெக் போலந்துக்கு வந்தபோது ஸ்டான்கோ பதினைந்து வயதில் நேரில் கேட்டார். 1963இல் க்ஷிஷ்டோஃப் கொமேடாவின் குழுவில் சேர்ந்தார். கொமேடா படித்தது வைத்தியம், வாழ்ந்தது பியானோவோடு. 1965இல் அவர்கள் பதிந்த ‘அஸ்டிக்மாட்டிக்’ ஐரோப்பிய ஜாஸின் திருப்புமுனை என்று இன்றும் சொல்கிறார்கள். கொமேடா 1969இல், நாற்பதைத் தொடாமலே இறந்தார். தன்னைவிடப் பதினொரு வயது மூத்தவரிடம் இடம் கிடைத்துத் தேறிய பொடியன்தான் பிற்காலத்து ஸ்டான்கோ.

அவர் அந்த மூவரையும் சேர்த்துக்கொண்டது 1990களின் முற்பாதியில். பதின்வயதை அப்போதுதான் கடந்துகொண்டிருந்தவர்கள். அதே பத்தாண்டில் ஈசிஎம் இசைத்தட்டுகளுக்கு சுவீடனின் பொபோ ஸ்டென்சன், இங்கிலாந்தின் டோனி ஒக்ஸ்லி போன்ற பெரிய ஆட்களோடு வாசித்துக்கொண்டே, போலந்து மேடைகளில் இந்தப் பொடியன்களோடு ஓடினார். ஸ்டுடியோவுக்கு அவர்களைக் கூட்டிவர ஏழெட்டு வருடம் எடுத்தார். அவசரப்படாததுதான் இதில் எனக்குப் பிடித்தது. “இளைஞருக்கு வாய்ப்பளிக்கிறேன்” என்று மாலை போட்டுக்கொண்டு ஒரு நாளைக்கு மேடையேற்றுவது எல்லா ஊரிலும் நடக்கும். ஏழு வருடம் ஒரே வாகனத்தில் போய்வந்தவர்களின் காது வேறு.

இன்னொன்றும் உண்டு. அதே 90களில் ஸ்டான்கோ தன் பற்களை இழந்து, உதட்டை வைத்து ஊதும் விதத்தையே மறுபடி பழகவேண்டி வந்தது. முதியோர் இல்லத்தில் தினமும் பல்செட் கழுவி வைக்கிறவன் என்பதால் இதை நான் லேசாகக் கடந்துபோகமாட்டேன். புதுப் பல்லோடு ஒரு துண்டு பாணைக் கடிக்கவே மனிதர் எவ்வளவு வெட்கப்படுகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வயதில் தொடக்கக்காரனாகத் திரும்பியவர், உண்மையான தொடக்கக்காரர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

முதியோர் இல்லத்தில் வேலை என்பதால் ஊருக்குப் போனால் கேட்பார்கள்: “வெள்ளைக்காரன் தாய் தகப்பனைக் கொண்டுபோய் விட்டுர்றானாமே?” முன்பெல்லாம் ஆமாம் என்று தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை பூவோடு வந்து முக்கால் மணியில் போய்விடும் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அப்படித்தான் எனக்கும் தோன்றியது. ஆனால் நாங்கள் என்ன செய்கிறோம்? மூத்தவரைச் சபையின் நடுவில் இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, அவர் பேசும்போது வாய்மூடி இருக்கிறோம். எழும்பிப் போனபின் நினைத்ததைச் செய்கிறோம். பொல்லடியில் அண்ணாவியார் பாடி, தாளம் பிடித்து நிற்பார். பொடியன்கள் சுற்றிவந்து அடிப்பார்கள். அடி பிசகினால் ஒரு பார்வை போதும். அழகான கலை, சந்தேகமில்லை. அண்ணாவியாரைப் பார்த்து “இந்த இடத்தில் வேறு மாதிரி அடிப்போமா” என்று கேட்ட ஒரு பொடியனை மட்டும் நான் கண்டதில்லை. இங்கே தள்ளிவைக்கிறார்கள், அங்கே உயரத்தில் வைக்கிறார்கள். இரண்டிலும் கிழவரோடு சேர்ந்து வேலை செய்கிறவர் யாரும் இல்லை.

ரெயின்போ ஸ்டுடியோவில் நடந்தது அந்த வேலை. வாசிலெவ்ஸ்கி முடிக்காமல் விட்ட ஒரு வரியை ஸ்டான்கோ எடுத்துப் போகிறார். மிஷ்கியெவிச் தாளத்தைத் தளர்த்த, அவர் அதற்குள் இறங்கிவருகிறார். யான் எரிக் கொங்ஸ்ஹௌக் என்ற ஒலிப்பதிவாளர் இதையெல்லாம் மூச்சுச் சத்தம் உட்பட பிடித்திருக்கிறார். 2003இல் இதே ஸ்டுடியோவில் ‘சஸ்பெண்டட் நைட்’, 2005இல் பிரான்சில் ‘லொன்டானோ’. 2005இலேயே அந்த மூவரின் சொந்த இசைத்தட்டும் ஈசிஎம்மில் வெளிவந்துவிட்டது. கிழவர் உட்கார்ந்து ஏங்கவில்லை. 2009இல் பின்லாந்து, டென்மார்க் இளைஞர்களோடு ‘டார்க் ஐஸ்’ பதிந்தார். பிறகு நியூயோர்க்கில் இன்னொரு குழு. 2018 ஜூலையில் வார்சாவில் மௌத்தாகும் வரைக்கும் கணக்கு இப்படியே போனது.

என் மகள் இப்போது எங்கள் பகுதி கோர்ப்ஸ் என்ற ஊதுவாத்தியக் குழுவில் கொர்னெட் ஊதுகிறாள். மே 17 தேசிய நாள் ஊர்வலத்துக்கு முன் ஒத்திகை பார்க்கப் போயிருந்தேன். அவளும் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரரும் ஒரே ஸ்டாண்டில் தாளைப் பகிர்ந்து நிற்கிறார்கள். நடுவில் அவள் பென்சிலை எடுத்து அவர் பிழைவிட்ட இடத்தை வட்டமிட்டுக் காட்டினாள். எனக்கு உடம்பு கூசிவிட்டது. வரும் வழியில் காருக்குள் தொடங்கினேன், வாப்பாமார் தொடங்குகிற மாதிரியே: பெரியவங்களுக்குப் பிழை காட்டுறதா, என்ன பழக்கம் இது?

“அவர்தானே என்னட்டக் கேட்டவர், வாப்பா” என்றாள்.