சாரி கார்டு

கல்லூரி விழாவென்றால் தமிழ் நடத்துகிறவளுக்கு என்னென்ன வேலை வரும் என்பது எனக்கு அத்துப்படி. தமிழ்த்தாய் வாழ்த்துப் பாட ஆள் பிடிக்க வேண்டும். வரவேற்புரை எழுதித் தர வேண்டும். அழைப்பிதழில் ஒற்றுப்பிழை பார்க்க வேண்டும். குத்துவிளக்குக்கு எண்ணெய் இருக்கிறதா என்று கடைசி நிமிடத்தில் ஓட வேண்டும். 2022இல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியல் மாணவர்களுக்குத் ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்று இரண்டு தாள்களைக் கொண்டுவந்தது. அதனால் வேலை கிடைத்த பலரில் நானும் ஒருத்தி. புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். மறுவருடம் இயந்திரவியல் துறை ஒரு குடும்ப தினம் அறிவித்தது. ஆசிரியர்கள், ஊழியர்கள், மாணவர்களின் வீட்டார் எல்லோரும் வந்து பகி ஓட்டிப் பார்க்கலாம். “ஒரு லேடி ஸ்டாஃப் கமிட்டியில இருந்தா நல்லாருக்கும் மேடம்” என்றார்கள். இருந்தேன்.

பகி என்றால் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரும்புக் குழாய்களை வளைத்துப் பற்றவைத்த ஒரு கூண்டு, நான்கு தடித்த சக்கரங்கள், பின்னால் இன்ஜின். கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது. மேடு பள்ளத்தில் போவதற்கென்றே செய்த வண்டி. பாஹா என்ற போட்டிக்காக எங்கள் மாணவர்கள் இதைக் கட்டுகிறார்கள். 1976இல் அமெரிக்காவின் தெற்குக் கரோலினா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய போட்டி அது. இங்கே மத்தியப்பிரதேசத்தின் பீதம்பூரில் நடத்தினார்கள். 10 குதிரைத்திறன் இன்ஜினை வைத்துக்கொண்டு வண்டி நான்கு மணிநேரம் புழுதியில் தாக்குப்பிடிக்க வேண்டும். போட்டி வண்டியில் ஓர் இருக்கைதான். குடும்ப தினத்துக்கென்று பழைய மாணவர்கள் கட்டிவிட்டுப்போன இரண்டு இருக்கை வண்டி ஒன்றும் இருந்தது. பழைய பைக் இன்ஜின், இருக்கைக்குப் பின்னால் திறந்து கிடக்கும் செயின். இந்தக் கட்டுரை அந்தச் செயினைப் பற்றியதுதான்.

“ஆஃப் ரோடுக்குத் தமிழ்ல என்ன மேம்?” என்று பையன்கள் கேட்டார்கள். சுரம், அதர் என்று பாலைத்திணைச் சொற்களைச் சொன்னேன். உடன்போக்கில் அந்த வழியே நடந்துபோன பெண்களையும், அவள் பாதம் தாங்குமா என்று வீட்டில் உட்கார்ந்து புலம்பும் தாய்மார்களையும் பற்றி அரைமணிநேரம் பேசினேன். கடைசியில் பேனரில் ‘பகி ஃபேமிலி டே’ என்றுதான் அச்சடித்தார்கள்.

முதல் வருடம் விதி ஒரே வரியில் இருந்தது. பாதுகாப்பு கருதி, சேலை, துப்பட்டா அணிந்தவர்களுக்கு வண்டியில் அனுமதி இல்லை. முனிசிபல் குழாயடியில் எழுதிப்போடும் அறிவிப்பு மாதிரி எளிமையான வரி. அதன் விளைவு, ஜீன்ஸ் போட்டு வந்த நான்கு மாணவிகளைத் தவிர ஒரு பெண்ணும் வண்டியில் ஏறவில்லை. மனைவிமார்கள் சாமியானாவுக்கடியில் உட்கார்ந்து கணவர்களையும் மகன்களையும் செல்போனில் படமெடுத்தார்கள். மூத்த பேராசிரியர் ஒருவர் வேட்டியில் வந்திருந்தார். மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார், இரண்டு சுற்று ஓட்டினார், எல்லோரும் கைதட்டினோம். வேட்டியும் துணிதான் என்பது அன்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் வீட்டுக்குப் போன பிறகுதான் தோன்றியது.

அடுத்த கூட்டத்தில் அதைக் கேட்டேன். கொஞ்சம் சூடாகவே கேட்டேன். பாதுகாப்புப் பொறுப்பில் இருந்த இளைய ஆசிரியர் பதிலுக்குச் சூடாகவில்லை. 2018இல் அரியானாவின் பிஞ்சோரில் குடும்பத்தோடு கோ-கார்ட் ஓட்டப்போன ஒரு பெண், 2020இல் ஐதராபாத்தில் ஒரு கல்லூரி மாணவி, இருவரும் தலைமுடி வண்டியின் சுழலும் பாகத்தில் சிக்கி இறந்ததைச் சொன்னார். “எனக்குப் பயமா இருக்கு மேடம்” என்றார். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. விதியை எழுதியவர்மேல் எனக்கிருந்த கோபம் போய்விட்டது. விதி மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

உறுத்தியதற்குக் காரணம் என் சித்தி.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு 1991, 92 என்றால் அறிவொளியும் சைக்கிளும் நினைவுக்கு வரும். ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம். எழுத்தறிவு இயக்கத்தோடு சைக்கிளும் சேர்ந்து ஊர் ஊராகப் பெண்கள் ஓட்டிப் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் பலர் நடுவில் பார் வைத்த ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பது கூடுதல் வசதி. என் சித்தியும் ஜென்ட்ஸ் சைக்கிள்காரிதான். கொசுவத்தைத் தூக்கிச் செருகி, முந்தானையை இடுப்பைச் சுற்றி முடிந்துகொண்டு, கல்குவாரிச் சாலையில் போவார். எனக்குப் பன்னிரண்டு வயது. கேரியரில் நான் இருப்பேன். ஒருநாளும் விழுந்ததில்லை.

1994இல் சித்தப்பாவின் புது பைக்கில் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து திருமயம் சாலையில் போகும்போது முந்தானை பின்சக்கரத்தில் சுற்றி இழுத்துப் போட்டது. இடது முழங்கால் நொறுங்கிவிட்டது. இன்றுவரை முழுதாக மடங்காது. சைக்கிளும் அதோடு போயிற்று. ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். முந்தானையை ஒழுங்காகப் பிடித்துக்கொண்டு உட்காரத் தெரியாதா? அப்பத்தா கேட்டார், சித்தப்பா கேட்டார், என் அம்மாவும் கேட்டார். சித்தியும் ஆமாம், என் தப்புதான் என்று சொல்லிப் பழகிவிட்டார்.

முப்பது வருடம் கழித்து, கல்லூரிப் பட்டறையில் ஒரு பைக்கைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். பின்சக்கரத்தின் ஓரமாக இருந்த கம்பிச் சட்டத்தைக் காட்டி இது எதற்கு என்று சும்மா கேட்டேன். பாஹா அணியில் இருந்த ஒரே பெண், மூன்றாமாண்டு மாணவி, சொன்னாள்: “சாரி கார்டு மேம். சட்டப்படி இருக்கணும்.” 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிறது. பின்னால் உட்காருகிறவரின் உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் காப்பு வேண்டும். சித்தப்பா வண்டி வாங்கிய மறுவாரமே லுக்கு கெடுகிறது என்று அதைக் கழற்றிப் பரணில் போட்டது எனக்கு நன்றாக நினைவிருந்தது. கழற்றும்போது ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவளே நான்தான். ஆஸ்பத்திரி வாசலில் அந்தக் கம்பிச் சட்டத்தைப் பற்றி ஒருவரும் ஒருவார்த்தை பேசவில்லை.

அந்தச் சட்டவரியைப் பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். சேலை கட்டியவளை வண்டியில் ஏறாதே என்று அது சொல்லவில்லை. வண்டியை மாற்று என்கிறது. அதே சமயம், அவளைப் பின்சீட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறது.

மாணவியிடம் எங்கள் ஒற்றைவரி விதியைப் பற்றிப் பேசினேன். “துணியத் தடை பண்ணா துணி மட்டும்தான் மேம் வராது. முடி வரும்ல? செயின் திறந்துதானே கெடக்கு” என்றாள். அவ்வளவுதான் விஷயம். நான் முனைவர் பட்டத்தோடு சுற்றிச் சுற்றி வந்த இடத்துக்கு அவள் நேராகப் போய்விட்டாள்.

இரண்டாம் வருட வேலை அங்கிருந்து தொடங்கியது. செயினையும் பல்சக்கரத்தையும் சுற்றித் தகரப்பெட்டி அடித்தார்கள். சுழலும் அச்சுத்தண்டின் மேல் குழாய் மாட்டினார்கள். இருக்கைக்குப் பின்னால் ஹெல்மெட் உயரத்துக்கும், இரு பக்கமும் கை மட்டத்துக்கும் சுண்டுவிரல் நுழையாத வலை. பிறகு வண்டியை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி இன்ஜினை ஓடவிட்டு, என் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து, நீள மூங்கில் கழியின் நுனியில் கட்டி ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் துணி வழுக்கி விழுந்தது. அச்சு முனையில் மட்டும், குழாய் முடியுமிடத்தில் இரண்டு விரற்கடை இடைவெளி இருந்திருக்கிறது. துணி அங்கே பட்டதுதான் தெரியும். கழியைப் பிடித்திருந்த பையன் சட்டென்று விட்டுவிட்டதால் பிழைத்தான். இன்ஜினை நிறுத்திவிட்டு எல்லோரும் கொஞ்சநேரம் பேசாமல் நின்றோம். சுருட்டிக்கொண்ட துணியைக் கத்தியால் அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. இளைய ஆசிரியர் அந்தத் துண்டைத் தன் மேசை டிராயரில் வைத்திருக்கிறார்.

இடைவெளியை அடைத்தோம். அதோடு, தொங்கும் துணியும் கூடாது என்ற விதியும் நின்றது. இரண்டும் வேண்டும் என்பதை அந்தக் கந்தல் எங்களுக்குக் காட்டிவிட்டது. ஆனால் இந்தமுறை ‘அனுமதி இல்லை’ என்று எழுதாமல், என்ன கட்டிக்கொண்டு வந்தாலும் மாற்றிக்கொள்ள வழி செய்தோம். விடுதி மாணவிகளிடம் துவைத்த ஒர்க்‌ஷாப் யூனிபாரம்களையும், ஐந்து முதல் ஏழு வரை அளவுள்ள கான்வாஸ் ஷூக்களையும் கடன் வாங்கினோம். மைதானத்துக்குப் பக்கத்து ஊழியர் குடியிருப்பில் ஒரு வீட்டுச் சாவியை வாங்கி, உடைமாற்ற ஓர் அறையும் கழிப்பறையும் ஏற்பாடு செய்தோம். முதல் வருடம் பெண்கள் மதியம்வரை தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருந்தது கமிட்டியில் வேறு யாருக்கும் தெரியாது. கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது. ஆகவே தாழப் பின்னி, காலருக்குள் விட்டு, மேலே பருத்திக் குல்லாய். தாலிச்சரடு சட்டைக்குள். தலையில் வைத்த பூவை என்ன செய்வது என்று ஒரு மாமியார் சங்கடப்பட்டார். மேசையில் வரிசையாகத் தம்ளர்களில் தண்ணீர் ஊற்றிப் பெயரெழுதி வைத்தோம். ஓட்டிவிட்டு வந்து எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

விளையாட்டுகள் நாங்களே யோசித்தவை. பந்தயம் கிடையாது. தடத்தில் ஒருசமயம் ஒரு வண்டிதான். ஆக்ஸிலேட்டருக்கு அடியில் போல்ட் வைத்து மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போகாதபடி செய்தோம். ஓட்டத் தெரியாதவருக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு மாணவர், கில் ஸ்விட்சில் கைவைத்தபடி. முன்னால் ஒரு தாங்கியில் நிறைதண்ணீர் லோட்டா. மேடுபள்ளம் தாண்டி வரும்போது எவ்வளவு மிச்சம் என்பது ஒரு விளையாட்டு. மணி கட்டிய மூங்கில்களுக்கு நடுவே வளைந்து போவது இன்னொன்று. பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்கள் ஓட்டக்கூடாது. மணி எத்தனைமுறை அடித்தது என்று எண்ணுவது அவர்கள் வேலை, மகா கறாராக எண்ணினார்கள். மூன்றாவது ஸ்லோ ரேஸ். வண்டி நிற்காமல், கடைசியாக வந்து சேர்பவருக்குப் பரிசு. பார்வையாளர் கயிற்றை வளைவுகளின் வெளிப்பக்கத்திலிருந்து பிடுங்கி உள்பக்கம் கட்டினோம். வண்டி சறுக்கினால் வெளிப்பக்கம்தான் போகும். முதல் வருடம் சாமியானா போட்டிருந்ததே அங்கேதான். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று பெண்களை உட்காரவைத்திருந்த இடம்.

எனக்கு மிகப் பிடித்த விதி வேறு. கயிற்றுக்கு வெளியிலிருந்து யாராவது கத்தினால் ஓட்டுகிறவருக்கு ஒரு புள்ளி குறையும். “பிரேக்கு! பிரேக்கப் புடி!” என்று அலறும் கணவர்களுக்காக வைத்தது. ஒரு லேப் அசிஸ்டெண்டின் மனைவி இரண்டு புள்ளி போனதும் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைத் தூக்கி, “செத்த வாய மூடிக்கிட்டு நில்லுங்க” என்றார். மைதானமே கேட்டது.

சித்தியை நான்தான் அழைத்து வந்தேன். வந்ததும் முதலில் வண்டியைச் சுற்றி நடந்தார். தகரப்பெட்டியின் ஓரத்தில் விரலை விட்டுப் பார்த்தார். வலையை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். “இம்புட்டுத் தகரம்தானா?” என்று கேட்டார். நான் பேசாமல் நின்றேன். பிறகு, “எனக்கும் ஒரு சட்டை கொடு ஆத்தா” என்றார்.

யூனிபாரமும் ஆறாம் நம்பர் ஷூவும் போட்டு உட்கார்ந்தார். மாணவி பெல்ட்டை இறுக்கினாள். கிளம்புவதற்கு முன் எல்லோருக்கும் ஒரு சோதனை உண்டு. பாஹா விதிகளிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டது. தீப்பிடித்தால் ஓட்டுநர் ஐந்து விநாடிக்குள் தானாக வெளியே வர வேண்டும். சித்தி பெல்ட்டைக் கழற்றினார், ஸ்டீயரிங்கைப் பிடித்து எழுந்தார், வலதுகாலைத் தூக்கிப் போட்டார். இடதுகால் வரவில்லை. கையால் பிடித்துத் தூக்கி வெளியே வைத்தார். பன்னிரண்டு விநாடி. இன்னொருமுறை. பதினொன்று.

மாணவி என்னைப் பார்த்தாள். இளைய ஆசிரியரும் என்னைப் பார்த்தார். ஒரே ஒரு சுற்று, நடக்கும் வேகத்தில், பக்கத்தில் ஆள் இருக்கிறது என்றெல்லாம் எனக்குள் ஓடியது. பக்கத்துக் கம்பியை வெட்டி வழி அகலப்படுத்தலாமா என்று கேட்டேன். வண்டி கவிழ்ந்தால் தாங்குவது அந்தக் கம்பிதான் என்றாள். அத்தனை பேர் முன்னால் சித்தியிடம், “வேண்டாம் சித்தி” என்று சொன்னேன். போன வருடம் எந்தச் சொல்லுக்காகச் சண்டை போட்டேனோ அதையே சொன்னேன். சித்தி காரணம் கேட்டார். சொன்னேன். தீப்பிடித்தால் என்றதும், “அது சரிதான்” என்று இறங்கி, சட்டையை மாற்றிக்கொண்டு, ஸ்லோ ரேஸுக்குப் பச்சைக்கொடி காட்டினார். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நாங்கள் அதைப் பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து ராத்திரி போன் செய்தார். கட்டிலுக்குக் குறுக்கே ஒரு பலகையை வைத்து, உள்ளே முக்காலி போட்டு உட்கார்ந்து எழுந்து பழகுகிறாராம். நாத்தனார் செல்போனில் நேரம் பார்க்கிறாராம். பிஸியோதெரபிக்காரப் பெண்ணிடமும் சொல்லி வைத்திருக்கிறாராம்.

“நேத்து ஒம்பது வந்துச்சு ஆத்தா,” என்றார். “அடுத்த வருசம் தேதி முடிவானா முன்கூட்டியே சொல்லு.”