மருந்துக்கு முன்னால் பூதக்கண்ணாடி

வீட்டில் வளரும் ஆர்க்கிட் செடியில் வெள்ளையாகவோ பிசுபிசுப்பாகவோ எதையாவது கண்டுவிட்டால், நம்மில் பலருக்குக் கை நேராக மருந்துக் குப்பிக்குத்தான் போகிறது. முதலில் வேப்பெண்ணெய், அதற்கு அடங்காவிட்டால் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி, அதற்கும் அடங்காவிட்டால் இரண்டும். வந்திருப்பது இன்னது என்று தெரியாமல் அடிக்கும் மருந்து பல நேரம் வீண். சில நேரம் கேடு. ஆர்க்கிட்டில் இந்த அவசரத்துக்குக் கொடுக்கும் விலையும் அதிகம். ரோஜாவில் பத்து இலை கருகினால் அடுத்த மாதமே புதுத் துளிர் மறைத்துவிடும். ஃபெலனோப்சிஸ் வகை ஆர்க்கிட் பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு மூன்று இலைகள்தான் விடும். அதில் ஒன்று கருகினால் அந்தத் தழும்பைச் செடி ஆண்டுக்கணக்கில் சுமக்கும்.

சிலந்திப்பேனை எடுத்துக்கொள்வோம். ஃபெலனோப்சிஸ் இலையின் பளபளப்பு குறைகிறது, பச்சை வெளிறுகிறது, இலைப்பரப்பில் நுண்ணிய குழிகள் விழுகின்றன. கண்ணுக்குப் பூச்சி எதுவும் தெரிவதில்லை. நூலாம்படை இருந்தால்தான் சிலந்திப்பேன் என்று நினைப்பவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். ஆர்க்கிட்டைத் தாக்கும் தட்டைப் பேன்கள் நூல் கட்டுவதே இல்லை. வெள்ளை டிஷ்யூவை நனைத்து இலையின் அடிப்பக்கத்தை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். செம்பழுப்புக் கறை படிந்தால் சந்தேகம் வேண்டாம். சிலந்திப்பேன் எட்டுக் கால் உயிர், சிலந்திக்கு உறவு, பூச்சி வகையே அல்ல. இமிடாகுளோபிரிட் இதைக் கொல்லாது. அது மட்டுமல்ல, அந்த மருந்தைப் பயன்படுத்திய மரங்களிலும் பயிர்களிலும் சிலந்திப்பேன் முன்னைவிடப் பெருகியதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இதற்கு வேண்டியது முதலில் தண்ணீர்: அடிப்பக்கம் நன்றாக நனையும்படி பீய்ச்சிக் கழுவி, குருத்தில் தேங்கிய நீரை உடனே ஒற்றி எடுத்துவிட வேண்டும். நனையும் கந்தகமும் கேட்கும். ஆனால் நம் ஊர்க் கோடையில் அதைத் தொடக்கூடாது. வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆவதற்குள்ளும் கூடாது. இரண்டுமே இலையைக் கருக்கும்.

மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் இன்னும் நுட்பமாக ஏமாற்றும். டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட்டின் முதிர்ந்த தண்டில் காகிதம்போல் காய்ந்த உறை ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நகத்தால் மெதுவாக உரித்தால், கணுவை ஒட்டி வெண்பஞ்சுத் துணுக்குகள் வரிசையாக இருக்கும். மேலே எவ்வளவு தெளித்தாலும் மருந்து எட்டாத இடம் அதுதான். எழுபது சதவீத ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் தொட்டதும் மெழுகு கலைந்து, வெளிர் சிவப்பான மெத்தென்ற உடல் தெரிந்தால் அது மாவுப்பூச்சி. ஆர்க்கிட்டுகளுக்கே பெயர்போன பாய்ஸ்டுவல் செதில் பூச்சியின் ஆண் கூட்டமும் இதே வெண்பஞ்சாகத்தான் தெரியும். பக்கத்திலேயே வட்டமாக, தட்டையாக, வெளிர் மஞ்சள் பொட்டுகள் ஒட்டியிருந்தால் அவை அதன் பெண்கள். அந்தப் பொட்டின் ஓட்டுக்கு அடியில் முட்டையும் தாயும் பத்திரமாக இருக்கும். இவ்வகைச் செதில் பூச்சி செடியின் சாற்றுக்குழாயில் வாய் வைப்பதில்லை, இலைத்திசுவின் செல்களை உறிஞ்சுகிறது. அதனால் செடிக்குள் ஊடுருவும் இமிடாகுளோபிரிட் இதனிடம் பெரிதாகப் பலிப்பதில்லை. ஓட்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். முட்டையிலிருந்து வெளிவந்து ஊரும் குஞ்சுகளைப் பிடிக்க, ஏழு முதல் பத்து நாள் இடைவெளியில் மூன்று நான்கு முறையாவது சோப்புக் கரைசலோ எண்ணெயோ தெளிக்க வேண்டும். ஒரே தடவை அடித்துவிட்டு, மருந்து சரியில்லை என்று சொல்பவர்கள் பூச்சியின் வாழ்க்கைக் கணக்கைத் தவறவிட்டவர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பூந்தண்டில் தெளிந்த தேன்துளி நின்றால், பூச்சி எதுவும் இல்லாதபோது அது நோயே அல்ல. நலமாக இருக்கும் ஆர்க்கிட்டும் அப்படிச் சுரக்கும். அதற்குப் போய் மருந்தடிப்பது செடிக்குச் செய்யும் அநியாயம்.

அடையாளம் காண்பதன் பலனைத் தமிழ்நாடு பெரிய அளவில் ஒரு முறை பார்த்திருக்கிறது. 2008இல் கோவைப் பகுதியில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தோட்டம் தோட்டமாக அழித்தது. மாற்றி மாற்றி மருந்தடித்தும் அடங்கவில்லை. இன்ன இனம், மெக்சிகோ பக்கத்துப் பூர்வீகம் என்று தெரிந்த பிறகுதான் அதற்கென்றே உள்ள ஒட்டுண்ணிக் குளவிகளைத் தேட முடிந்தது. 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த அந்தக் குளவிகள், மருந்தால் ஆகாததைச் செய்து முடித்தன. வீட்டு வராந்தாவில் குளவி விட முடியாது, உண்மைதான். ஆனால் எதிரியின் பெயர் தெரிந்ததும் வழி பிறந்தது என்பது நம் பத்துத் தொட்டிகளுக்கும் பொருந்தும்.

வேப்பெண்ணெய் இயற்கையானதுதானே, எதற்கும் அடித்து வைத்தால் என்ன என்று கேட்பார்கள். இயற்கையானது என்பதால் இலை கருகாமல் இருக்காது. லிட்டருக்கு மூன்று முதல் ஐந்து மில்லிக்கு மேல் போனாலோ, வெயில் நேரத்தில் தெளித்தாலோ, மொட்டில் பட்டாலோ சேதம் ஏற்படலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இப்படி ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்க்க நேரம் ஏது என்பது நியாயமான கேள்வி. ஏக்கர் கணக்கில் வளர்ப்பவருக்கு அது முடியாது. பத்துச் செடி வைத்திருப்பவருக்கு முடியும். தண்ணீர் ஊற்றும் நேரத்திலேயே பார்த்துவிடலாம். இவ்வளவு பாடு எதற்கு, செடியைத் தூக்கிப் போட்டுவிடலாமே என்பவர்களோடு ஓரளவு எனக்கு உடன்பாடுதான். வேர்க்கலவைக்குள்ளும் மாவுப்பூச்சி புகுந்து, வேர் பாதி அழுகி, இலையும் சுருங்கிவிட்ட செடியைக் காப்பாற்றப்போய் மற்ற ஒன்பதையும் இழப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஆனால் அந்த முடிவையும் கலவையைக் கொட்டி வேரைப் பார்த்த பிறகே எடுக்க வேண்டும். பல நேரம் அழுகிய வேரை நறுக்கி, மிச்சத்தைக் கழுவி, புதுக் கரியிலும் ஓட்டுச்சில்லிலும் நட்டால் செடி பிழைத்துக்கொள்ளும்.

நர்சரியிலிருந்து புதுச் செடி வந்தால் மூன்று வாரமாவது மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வையுங்கள். அந்த மூன்று வாரத்தில் இலையின் அடிப்பக்கத்தையும், தண்டின் காய்ந்த உறையையும், பூவிதழின் பின்பக்கத்தையும் பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு கண்ணாடியால் பாருங்கள். மருந்து வாங்குவதற்கு முன் அந்தக் கண்ணாடியை வாங்குங்கள்.