வேணும்

எழுதியதைத் திருத்துவது என் தொழிலில் பாதி. வேண்டாத சொல்லை அடிப்பது, முன்னால் வரவேண்டியதை முன்னால் கொண்டுவருவது, ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் இரண்டொன்றைக் களைவது எல்லாம் கைப்பழக்கமாகிவிட்டன. இந்தப் பழக்கத்தைக் காகிதத்தோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம். ஒரு நாள் என் இளைய மகளுடைய ஜெபத்தையும் திருத்தப் போனேன். அதனால் வந்ததைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

அவளுக்கு அப்போது ஐந்து வயசு. எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு குடும்ப ஜெபம் நடக்கும். பாயை விரித்து எல்லோரும் உட்காருவோம். ஒரு கீர்த்தனை, வேத புத்தகத்தில் ஓர் அதிகாரம், பிறகு ஜெபம். அது முடிந்து மற்றவர்கள் எழுந்ததும் என் அம்மா பேத்தியைத் தன் பக்கத்தில் முழங்காலில் நிறுத்தி, "இனி நீ சொல்லு தாயீ" என்பாள்.

அம்மா சொல்லிக்கொடுத்த முறை வெகு சுருக்கம். முதலில் கூப்பிட வேண்டும். கடைசியில் ஆமென் சொல்ல வேண்டும். நடுவே என்ன சொல்வது என்பதை அவள் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ஆகையால் குழந்தையின் ஜெபம் இப்படித்தான் இருக்கும்:

"ஏசப்பா, எனக்கு ஆட்டுக்குட்டி வேணும். வெள்ளையில கறுப்புப் புள்ளி போட்டது வேணும். அண்ணன் அடிக்காம இருக்கணும். நாளைக்குக் காலையில மழை பெய்யணும். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் மழை நிக்கணும். ஆமென்."

மூன்று வரிக்குள் இத்தனை 'வேணும்' வந்தால் எந்த எழுத்தாளனுக்குத்தான் பொறுக்கும்? ஒரு வாரம் கேட்டுப் பார்த்தேன். பிறகு அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினேன். "சாமிகிட்ட எப்பப் பார்த்தாலும் வேணும் வேணும்னு கேட்கலாமா? முதல்ல நன்றி சொல்லணும். அப்புறம் மத்தவங்களுக்காகக் கேட்கணும். உனக்குன்னு கடைசியில ஒண்ணே ஒண்ணு."

அவள் தலையை ஆட்டினாள். வெற்றிலை நறுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"கேட்டுட்டுப் போகட்டும்ல. பிள்ளை அப்பங்கிட்டக் கேக்காம அடுத்த வீட்டுக்காரங்கிட்டயா போய்க் கேக்கும்?"

"அதுக்கில்லம்மா. சின்ன வயசிலயே முறையாப் பழகணும்."

"ஒனக்கு நான் என்ன முறை சொல்லிக்கொடுத்தேன்? நீ நல்லாத்தான இருக்க?"

உண்மைதான். எனக்கும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். நாக்குப் புரளாத வயசிலேயே பரமண்டல ஜெபம் எனக்கு மனப்பாடம். அர்த்தம் தெரியாது என்று சொல்லமாட்டேன், தவறாகத் தெரியும். பரமண்டலம் என்பதை ஓர் ஊர் என்று நினைத்திருந்தேன். தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டம் என்று ஓர் ஊர் இருக்கிறது, அதற்குப் பஸ் போகிறது என்றால், பரமண்டலத்துக்கும் ஒரு பஸ் இல்லாமலா போய்விடும்? அப்பம் கேட்கும் இடம் வரும்போது என் கண்முன் வந்தது தேங்காய்ப்பால் விட்ட ஆப்பம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் ஆப்பம் உண்டு. ஆகையால் ஜெபம் தவறாமல் கேட்கப்படுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்ட எந்த வியாக்கியானமும் எனக்கு அவ்வளவு தெளிவான விசுவாசத்தைத் தந்ததில்லை.

இதையெல்லாம் மறந்துவிட்டுத்தான் மகளைத் திருத்தினேன். அவளும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருந்தி வந்தாள்.

இரண்டு மாதம் கழித்து அம்மா படுத்தாள். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் குழந்தை நான் சொன்ன ஒழுங்கை மறந்துவிட்டாள். நன்றியும் இல்லை, மற்றவர்களும் இல்லை, ஆட்டுக்குட்டிகூட இல்லை. "ஏசப்பா, ஆச்சி வீட்டுக்கு வரணும். ஆமென்." அவ்வளவுதான். நானும் திருத்தவில்லை.

பத்தாம் நாள் ஆச்சி வீட்டுக்கு வந்தாள். அவள் கேட்டபடி அல்ல.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பிய பிறகு வீடு வழக்கத்துக்கு வர ஒரு மாதம் ஆயிற்று. குடும்ப ஜெபம் மறுபடி ஆரம்பமானது. குழந்தையை முழங்காலில் நிறுத்த இப்போது ஆள் இல்லை, அவளே நின்றாள். "ஏசப்பா, இந்த நாளுக்காக ஸ்தோத்திரம். ஏழைகளை ஆசீர்வதியும். வியாதிக்காரரைச் சுகப்படுத்தும். ஆமென்." ஒரு சொல் கூடுதல் இல்லை, குறைவில்லை. துக்கம் விசாரிக்க வந்திருந்த உறவினர் ஒருவர், "பெரிய மனுஷி மாதிரி எவ்வளவு அழகாச் சொல்லுதா!" என்று மெச்சினார்.

எனக்கு மட்டும் வயிற்றில் என்னவோ செய்தது. அது என்னுடைய வசனம். என் வசனத்தை எனக்குத் தெரியாதா?

"உனக்குன்னு ஒண்ணு கேட்கலாமே, கண்ணு?" என்றேன்.

"ஒண்ணும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

கடற்கரை ஊர்களைப் பற்றி ஒரு நாவல் எழுதுவதற்காகச் சில வருஷங்களுக்கு முன் சவேரியாருடைய கடிதங்களைப் படித்திருந்தேன். நாங்கள் சி.எஸ்.ஐ. சபையார், அவர் கத்தோலிக்கர்களின் புனிதர். ஆனாலும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுத்த அந்நியர்களில் அவர் முன்னோடி அல்லவா? 1542-இல் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழ் தெரியாது. இரண்டு மொழியும் தெரிந்தவர்களை உட்காரவைத்துக்கொண்டு ஜெபங்களை மொழிபெயர்த்து, அவற்றைத் தாமும் மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை அடித்தபடி தெருத் தெருவாகப் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்தார். அவர்கள் தம்மைச் சாப்பிடவிடவில்லை, தூங்கவிடவில்லை, ஒரு ஜெபம் சொல்லிக்கொடுத்தால்தான் விட்டார்கள் என்று அந்த வருஷம் அக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து இஞ்ஞாசியாருக்கு எழுதினார். கற்றுக்கொண்டதை வீட்டில் தாய் தகப்பனுக்குச் சொல்லிக்கொடுக்கும்படி பிள்ளைகளை ஏவினார். நோயாளிகளின் வீட்டுக்குத் தாம் போக முடியாதபோது அவர்களையே அனுப்பினார்.

என் மகள் 'ஒண்ணும் வேண்டாம்' என்ற அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். நான் தேடியது 1544 மார்ச் மாதம் மணப்பாட்டிலிருந்து மான்சிலாஸ் என்ற தம் துணைவருக்கு அவர் எழுதிய கடிதம். அதில் ஒரு சிறு திருத்தம் இருக்கிறது. விசுவாசப் பிரமாணத்தைத் தமிழாக்கியவர்கள் 'நம்புகிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று போட்டுவிட்டார்கள். அந்தத் தப்பு சவேரியாருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. 'வேணும்' என்றால் விரும்புகிறேன் என்று பொருளாகிறது, அதை எடுத்துவிட்டு விசுவாசம் என்ற சொல்லைப் போடுங்கள் என்று எழுதுகிறார்.

திருத்தம் சரியானதே. பிரமாணத்தில் நம்புகிறேன் என்றுதான் இருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் பல மாதங்கள் அந்தக் கரையில் பிள்ளைகள் கைகூப்பி நின்று, கடவுளை நம்புகிறேன் என்பதற்குப் பதிலாகக் கடவுள் எனக்கு வேணும் என்று சொல்லியிருக்கிறார்களே, அது கேட்கப்படாமலா போயிருக்கும்? பிள்ளைக்கு முதலில் வருவது வேணும்தான். கேட்டுக் கேட்டு, கிடைத்தும் கிடைக்காமலும், கேட்கிற இடத்தை விட்டுப் போகாமல் நிற்பதற்குத்தான் விசுவாசம் என்று பெயர் போலும். நான் வேரை வெட்டிவிட்டுப் பூவை எதிர்பார்த்தேன்.

யோசிக்க யோசிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. சீஷர்கள் ஜெபிக்கக் கற்றுத்தரும்படி கேட்டபோது ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்திலேயே அப்பம் கேட்கும் இடம் இருக்கிறது. லூக்கா எழுதிய சுவிசேஷத்தில், அதைச் சொல்லி முடித்த கையோடு, பாதி ராத்திரியில் சிநேகிதன் வீட்டுக் கதவைத் தட்டி மூன்று அப்பம் கேட்கிறவனுடைய கதையைச் சொல்கிறார். முறை தெரியாத மனிதன் அவன்! கெத்செமனேயில் அவரே முதலில் தமக்கு வேண்டியதைச் சொன்னார். பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டும் என்று கேட்டார். அதற்கப்புறம்தான் பிதாவின் சித்தம். அந்தப் பாத்திரம் நீங்கவும் இல்லை. நான் பிள்ளைக்கு இரண்டாவதை மட்டும் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன்.

புரிந்துவிட்டது, சரி. பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? இன்னொரு உபதேசமா? உபதேசம்தானே இவ்வளவையும் செய்தது?

சில நாட்கள் கழித்துக் குடும்ப ஜெபத்துக்கு அம்மாவின் வேத புத்தகத்தை எடுத்தேன். சங்கீதத்துக்கு நடுவே நாலாக மடித்த ஒரு காகிதம். அம்மா பென்சிலால் எழுதிவைத்த ஜெபக் குறிப்பு. பெயர்கள், பெயர்கள். ஒருவருக்கு இருமல், ஒருத்திக்குப் பிரசவம், பக்கத்து வீட்டுப் பையனுக்கு வேலை. என் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது; எதற்காக என்று எழுதவில்லை. எல்லாவற்றுக்கும் கீழே, நடுங்கிய எழுத்தில்: 'பாப்பாவுக்கு ஆட்டுக்குட்டி. புள்ளி போட்டது.'

நான் பேத்தியைத் திருத்திவிட்டேன். அவள் விட்டதை ஆச்சி எடுத்துக்கொண்டாள்.

அன்று ஜெபம் சொல்லவேண்டியது என் முறை. வழக்கமான வார்த்தைகளை ஆரம்பித்தேன், பாதியில் நின்றுவிட்டது. நாற்பது வயசு தாண்டிய மனிதன், மனைவி மக்கள் முன்னால், "எனக்கு எங்க அம்மா வேணும்" என்று சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

யாரும் பேசவில்லை. பிறகு பக்கத்தில் பாய் அசைந்தது. சின்னவள் முழங்காலில் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏசப்பா, அப்பாவுக்கு அவங்க அம்மா வேணுமாம். எனக்கும் ஆச்சி வேணும். தர மாட்டீங்கன்னு தெரியும். ஆனாலும் வேணும். ஆமென்."

ஆமென் என்றேன் நானும். அதில் திருத்துவதற்கு எனக்கு ஒன்றும் தென்படவில்லை.

எங்கள் வீட்டில் ஆடு வளர்க்க இடம் கிடையாது. ஆட்டுக்குட்டி இன்னும் வரவில்லை. ஆனால் அன்றுமுதல் ஜெபத்தில் அது மறுபடியும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது, புள்ளிகளோடு.