ஆறாவது மூட்டை

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் சாலையில் ஆமத்தூர்ப் பக்கம் இரண்டு வகை வாசல்களைப் பார்க்கலாம். சாலையை விட்டு உள்ளே தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவே கம்பிவேலி போட்டு நிற்பவை பட்டாசு ஆலைகள். கலப்பையையும் டிரெய்லர் சட்டத்தையும் சாலையோரத்திலேயே போட்டு வைத்திருப்பவை வெல்டிங் பட்டறைகள். எனக்கு வேலை பட்டறையில் இருந்தது. 24 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றுக்குப் பின்னால் மாட்டுவதற்கு அங்கே பேலட் ஃபோர்க் தயாராகிக்கொண்டிருந்தது.

ஃபோர்க் என்றால் ஒரு இரும்புச் சட்டமும், அதிலிருந்து முழ நீளத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கைகளும்தான். மரப்பலகை அடுக்குக்கு அடியில் கைகளை நுழைத்து, ஹைட்ராலிக்கைத் தூக்கினால் மேலே அடுக்கிய மூட்டைகளோடு பலகையே எழும். சிவகாசியில் காகிதமும் அட்டையும் புழங்குகிற இடங்களில் போர்க்லிப்ட் வண்டி புதிதல்ல. ஆனால் அந்த வண்டிக்குச் சிமெண்ட் தரை வேண்டும், காசும் வேண்டும். வீட்டில் நிற்கிற டிராக்டரே அந்த வேலையைச் செய்துவிட்டால் என்ன என்ற யோசனை, மக்காச்சோளம் விளைவிக்கிற ஒரு சம்சாரிக்கு வந்திருக்கிறது. அறுப்புக்கு மூட்டை தூக்கலாம், மற்ற மாதங்களில் அட்டைப்பெட்டிக் குடோனுக்கு வாடகைக்கு ஓட்டலாம் என்று கணக்கு.

மேஸ்திரி சட்டத்தை முடித்திருந்தார். சேனல் இரும்பை மூலைமட்டம் வைத்து நிறுத்தி, நாலு முக்கிலும் டேக் போட்டு, குறுக்கு அளவை இரண்டு பக்கமும் டேப் பிடித்துப் பார்த்த பிறகுதான் முழு வெல்டிங். டிராக்டரின் பின்னாலுள்ள மூன்று லிங்க்குகளில் மாட்டுவதற்காகக் கீழே இரண்டு பின், மேலே டாப் லிங்க்குக்கு ஒரு பின். இந்த அளவு வண்டிக்குக் கீழ்ப் பின் 22 மில்லி. அதற்குமேல் தடித்தால் லிங்க் உருண்டைக்குள் நுழையாது. மெலிந்தால் ஆட்டம் கொடுக்கும்.

கைகளை மட்டும் அவர் செய்யவில்லை. தூத்துக்குடியிலிருந்து வந்த பழைய போர்க்லிப்ட் கைகளைக் காயலான் கடையில் தேடிப் பிடித்திருந்தார்.

“பட்டையை எல் மாதிரி வெட்டி முக்குல வெல்டிங் அடிச்சா பாதி விலைக்கு முடிஞ்சிரும் சார். பாக்கவும் அழகா இருக்கும். ஆனா பாரம் பூரா அந்த முக்குலதான் வந்து நிக்கும். ஒருநாள் கொடுக்காம கொடுக்காம வந்து படக்குனு விட்ரும்.”

இந்தப் பேச்சைக் கேட்டதிலேயே நான் அங்கே போனது வீண்போகவில்லை. தொழிற்சாலையில் செய்யும் கையை ஒரே இரும்புக் கட்டியைப் பழுக்கக் காய்ச்சி மடக்குவார்கள். மடங்குகிற இடத்தில் சதை கூடுதலாக வைப்பார்கள். அந்த மடிப்பில் அப்புறம் யாரும் வெல்டிங் ராடு வைக்கக் கூடாது. வைத்தால் சூட்டில் இரும்பின் குணம் மாறி, அங்கேயே கீறல் விடும். பழசு வாங்கினாலும் ஒரு சோதனை உண்டு. மேஸ்திரி காலிப்பரை எடுத்து, தேயாத நிமிர்ந்த பகுதியின் தடிமனையும் மடிப்பை ஒட்டிய அடிப்பகுதியின் தடிமனையும் அளந்து காட்டினார். பத்தில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் கையை ஒதுக்கிவிட வேண்டும் என்கிறது ஐ.எஸ்.ஓ. 5057 தரவிதி. பத்து சதம்தானே என்று தோன்றும். ஆனால் வளைவைத் தாங்கும் வலு தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது, 0.9-ஐ 0.9-ஆல் பெருக்கினால் 0.81. பத்து சதம் தேய்ந்தால் வலுவில் ஏறக்குறைய இருபது சதம் போய்விடுகிறது. தரையில் உரசி உரசித் தேய்வது அடிப்பக்கம் என்பதால், மேலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

டிராக்டரில் மாட்டியதும் சம்சாரி மூட்டைகளை ஏற்றச் சொன்னார். ஒவ்வொன்றும் 50 கிலோ.

“அண்ணாச்சி, புத்தகத்துல 750 கிலோ தூக்கும்னு போட்டிருக்கு. பதினஞ்சு மூட்டை தாராளமா போகும்.”

“அது லிங்க் நுனியில மாமா. நம்ம மூட்டை அங்கயா நிக்குது? ஒண்ணொண்ணா வைப்போம்.”

நாலாவது மூட்டையில் ஸ்டீயரிங் இலகுவாகிவிட்டது என்றார் ஓட்டியவர். ஐந்தாவது மூட்டையில் முன் டயரின் பிதுக்கம் காணாமல் போயிற்று. ஆறாவது மூட்டையை வைத்து லிவரைத் தள்ளியதும் மூட்டைகள் இருந்த இடத்திலேயே இருக்க, முன் சக்கரங்கள் இரண்டும் தரையை விட்டு எழுந்தன.

கிணற்று ஏற்றம் பார்த்தவர்களுக்கு இது புரியும். பின் அச்சுதான் இங்கே ஏற்றக்கால். வண்டியின் எடை 700 கிலோ என்று வைத்துக்கொண்டால், முன் அச்சில் நிற்பது சுமார் 280. இரண்டு அச்சுக்கும் இடையே ஒன்றரை மீட்டர். மூட்டை அடுக்கின் நடுப்பகுதி பின் அச்சிலிருந்து 1.3 மீட்டர் தள்ளி இருக்கிறது. ஆறு மூட்டை, அதாவது 300 கிலோ, முன் அச்சிலிருந்து 260 கிலோவைத் தூக்கிவிடும். ஃபோர்க் சட்டமே 90 கிலோ. அது தன் பங்குக்கு இன்னும் 50. கூட்டினால் 310. முன்னால் இருந்ததோ 280.

தரையை விட்டு எழாமல் இருந்தால் மட்டும் போதாது. வண்டி திரும்ப வேண்டுமானால் அதன் சொந்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் சக்கரத்தில் நிற்க வேண்டும் என்பது டிராக்டர்காரர்களின் பழைய கணக்கு. அப்படிப் பார்த்தால் முன்னால் எடைக்கட்டி மாட்டாத இந்த வண்டிக்கு இரண்டே மூட்டைதான். முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் 100 கிலோ எடை மாட்டினால் ஐந்து மூட்டை. புத்தகத்தின் 750 கிலோ பொய்யல்ல; ஹைட்ராலிக்கின் பலத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். வண்டி நிலையாக நிற்குமா என்பதை அது சொல்லவில்லை.

கையின் நீளத்திலும் ஆசைப்படக் கூடாது. 1,200 மில்லி கை பெரிய பேலட்டுக்கு வாகாக இருக்கும். ஆனால் கை நீள நீள, அடுக்குகிற மூட்டையும் பின்னால் போகும். சின்ன வண்டிக்கு 900 மில்லி போதும் என்றார் மேஸ்திரி. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. முன்பக்க லோடரில் ஃபோர்க் மாட்டினால் உயரம் கிடைக்கும், லாரித் தட்டுக்கே ஏற்றலாம். ஆனால் அதன் விலையும், முன் அச்சு தாங்க வேண்டிய பாரமும் வேறு கதை. பின்பக்க ஃபோர்க் இடுப்பு உயரத்தோடு நின்றுவிடும்.

வேடிக்கை பார்க்க வந்து நின்ற லோடுமேன் ஒருவர் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றியது. “பலகையில அடுக்க ஒரு ஆள் வேணும். அங்க போயி லாரிக்கு ஏத்த ஒரு ஆள் வேணும். நடுவுல நடக்குற நடைதான சார் மிச்சம்?” 1967-இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, ஒரு ஆண் தனியாகச் சுமக்கும் எடை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று பரிந்துரைத்தது. 50 கிலோ மூட்டை அதற்குள் அடங்கிவிடுகிறது. ஒரு நாளில் எத்தனை தடவை என்பதை அந்த எண் பேசுவதில்லை. குடோன் நீளத்துக்கும் நடந்து சுமப்பவருக்கு அந்த நடை மிச்சமாவது சின்ன விஷயமல்ல. ஆனால் குனிந்து தூக்குவது அப்படியேதான் இருக்கிறது. மூட்டைக் கூலிக்கு வேலை பார்ப்பவரிடம் அதற்கும் சேர்த்துக் கூலி பேசாமல் வண்டியை மட்டும் இறக்குவது நியாயமில்லை.

இன்னொன்று. இந்த வண்டியைப் பட்டாசு ஆலைக்கு வாடகைக்கு விடும் எண்ணம் யாருக்கும் வரக் கூடாது. மருந்து புழங்கும் அறைகளின் பக்கம் இரும்போடு இரும்பு உரசுவதே ஆகாது. டீசல் இன்ஜினின் சூடான புகைக்குழாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து நாற்பது பேரளவில் உயிரிழந்த வட்டாரம் இது. காகிதக் கட்டு, அட்டைக் குடோன், களத்து மேடு. ஃபோர்க்கின் எல்லை அதோடு முடிகிறது. களத்திலும் தை, மாசியில்தான் சௌகரியம். ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் நனைந்துவிட்டால், பாரத்தோடு பின் சக்கரம் இறங்கும்.

ஃபோர்க் வாங்கும் எண்ணம் இருந்தால், முதலில் டிராக்டரை எடைமேடைக்கு ஓட்டிச் செல்லுங்கள். முன் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி ஒரு சீட்டு, முழு வண்டிக்கு ஒரு சீட்டு வாங்குங்கள். இரண்டு சீட்டையும் பட்டறைக்காரரிடம் காட்டி, எத்தனை மூட்டை என்று அவர் கணக்குப் போட்டுச் சொன்ன பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். கணக்குப் போடத் தெரியாதவரிடம் ஃபோர்க் செய்யக் கொடுக்காதீர்கள்.