தெற்கத்திப் பாட்டு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ் சிப்காட் தொழிற்பேட்டையைக் கடக்கும்போது, நான் விரும்பிக் கேட்பது யூஜிகேயின் 'ரைடின் டர்ட்டி'. 1996இல் வந்த ராப் ஆல்பம். பாடிய பன் பியும் பிம்ப் சியும் டெக்சாஸின் போர்ட் ஆர்தரைச் சேர்ந்தவர்கள். கடலோரம், எண்ணெய் ஆலைகள், புகை. கடலூர்க்காரனுக்கு அந்த ஊர் அந்நியமே இல்லை. இந்த ஆல்பத்துக்கு ஒரு வீடியோ எடுக்கவில்லை, ஒரு பாட்டையும் சிங்கிளாக விடவில்லை. தெற்கு மாகாண ரசிகர்கள்தான் அதைக் கொண்டாடினார்கள்.

அன்றைய ராப் உலகில் நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சல்ஸும்தான் ஊர். 1995இல் நியூயார்க்கில் நடந்த சோர்ஸ் பத்திரிகை விருது விழாவில், தெற்கு நகரமான அட்லாண்டாவின் அவுட்காஸ்ட் குழு விருது வாங்க மேடையேறியபோது கூட்டம் கூச்சலிட்டது. 2004இல் அதே குழு கிராமியில் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதை வென்றது. ஆனால் அதற்குமுன் வந்த எத்தனையோ தெற்கத்தி ஆல்பங்களுக்கு அந்த வெளிச்சம் கிடைக்கவில்லை.

நம்மிடமும் இந்தப் பாரபட்சம் உண்டு. 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி, நட்சத்ரா குழுவின் ராப் ஆல்பம் 'வல்லவன்' வந்தது. இங்கே பலருக்கும் தெரிந்தது 'மடை திறந்து' மட்டும். அது 'நிழல்கள்' படத்து இளையராஜா பாட்டின் மறுவடிவம். சினிமா கைகாட்டாத பாட்டை நாம் தேடிப் போவதில்லை. அரக்கோணத்து ராப் பாடகர் அறிவு, ஓஃப்ரோவோடு சேர்ந்து 2019இல் தந்த 'தெருக்குரல்' ஆல்பம் சாதியை நேருக்கு நேர் நின்று பேசுகிறது. அதை முழுதாகக் கேட்டவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை.

சிதம்பரம் இந்த வலியை முன்பே அறிந்த ஊர். முத்துத்தாண்டவரும், பக்கத்துத் தில்லைவிடங்கனில் பிறந்த மாரிமுத்தாப் பிள்ளையும் தில்லை நடராஜர்மேல் பாடிய தமிழ்க் கீர்த்தனைகள் தியாகராஜர் காலத்துக்கு முந்தியவை. இருந்தும் 1930களின் கர்நாடக இசைக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்குப் பெரும்பாலும் கிடைத்த இடம் கடைசித் துக்கடா. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலை செட்டியார் இதற்காக வருந்துவதோடு நிற்கவில்லை. 1941இல் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூட்டினார். பல்கலைக்கழகம் பாடல்களைத் திரட்டி, சுரப்படுத்தி, நூல்களாக அச்சிட்டது. எதிர்ப்பு பலமாக இருந்தது. எழுத்தாளர் கல்கி எழுதி எழுதி ஆதரித்தார். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது.

மேடையும் பத்திரிகையும் யார் கையில் இருக்கின்றனவோ, அவர்கள் காதுக்கு எட்டியதே உயர்ந்தது என்றாகிவிடுகிறது. அவர்கள் திரும்பிப் பார்க்கட்டும் என்று காத்திருந்தால் ஒரு தலைமுறை போய்விடும். நல்ல பாட்டாக இருப்பது மட்டும் போதாது. அதைச் சொந்தம் என்று நினைப்பவர்கள் திரட்டி வைக்க வேண்டும், விவாதிக்க வேண்டும், அடுத்தவருக்குக் கற்றுத்தர வேண்டும். 'வல்லவன்', 'தெருக்குரல்' இரண்டையும் முதல் பாட்டிலிருந்து கடைசிவரை கேட்டு, வரிகளை எழுதிவைத்து, இசை மாணவர்களுக்குப் பாடமாக்கலாம். அந்த வேலையை அண்ணாமலை நகரே தொடங்க வேண்டும் என்பது என் ஆசை.