ஏழரை எச்.பி. போடுவதற்கு முன்

போர்க்குழாயிலிருந்து கருகிய மோட்டாரை வெளியே எடுக்க நாலு பேர் வேண்டும். முக்காலி நட்டு, சங்கிலிக் கப்பி மாட்டி, கிளாம்பில் பிடித்து நிறுத்தி, ஒவ்வொரு குழாயாகக் கழற்றி அடுக்க வேண்டும். கிளாம்ப் ஒன்று நழுவினாலும் மோட்டாரும் குழாயும் சேர்ந்து துளைக்குள் போய்விடும். திண்டுக்கல் மாவட்டத்தின் ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் பக்கம் கோடையில் இது பழகிய காட்சி. மேலே வந்த மோட்டாரைப் பார்த்ததும் தோட்டக்காரர் பெரும்பாலும் சொல்வது, ‘அஞ்சு எச்.பி. தாங்கலை, ஏழரை போட்டுருவோம்’ என்பதுதான். வேலைக்கு வந்தவர்கள் மறுத்துப் பேசுவது குறைவு. ஆனால் எதை மாற்ற வேண்டும் என்பதற்கான சாட்சி அவர்கள் கையில்தான் இருக்கிறது. அதை விசாரிக்காமல் குதிரைத்திறனை ஏற்றுவது, பழுதைப் புது மோட்டாரின் தலையில் கட்டுவதாகும்.

காயில் கட்டும் பட்டறையில் மோட்டாரைப் பிரித்து வைத்தால் அந்தச் சாட்சி கண்ணுக்குத் தெரியும். மூன்று பேஸ் காயிலும் ஒரே சீராகக் கறுத்திருந்தால் குறைந்த வோல்டேஜோ, அதிகப் பளுவோ, தண்ணீர் இல்லாமல் ஓடியதோ காரணமாக இருக்கும். ஒரு பேஸ் புதிதுபோல் பளபளக்க, மற்ற இரண்டும் கருகியிருந்தால் ஒரு பேஸ் அறுந்தபின்னும் மோட்டார் ஓடியிருக்கிறது. இரண்டு பேஸ் வரும் நேரத்தில் கண்டன்சர் போட்டு ஓட்டும் வழக்கமும் காயிலைச் சூடேற்றக்கூடியது. இம்பெல்லரின் விளிம்பு தேய்ந்திருந்தால் போரில் மணல் வருகிறது. வெள்ளையாய்ப் பொருக்குத் தட்டியிருந்தால் உப்புத் தண்ணீர். இவற்றில் எதற்கும் ஏழரை எச்.பி. மருந்து கிடையாது. திண்டுக்கல்லின் நிலத்தடி கடினப் பாறை. அதன் விரிசல்களில் ஊறுவதுதான் கிடைக்கும். பெரிய மோட்டார் அந்த ஊற்றைப் பெருக்காது. நீர்மட்டத்தைச் சீக்கிரம் இறக்கி, வெறும் துளையில் ஓடும் நேரத்தைத்தான் கூட்டும்.

‘முன்பு வந்த தண்ணீர் இப்போது கடைசி வரிசைக்கு வரவில்லையே’ என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் பெரும்பாலும் கிணற்றில் இல்லை, சொட்டுநீர்ப் பாசனத்தின் மணல் வடிகட்டியில் இருக்கிறது. நீச்சல் குளத்துத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் அதே வகைத் தொட்டிதான் சொட்டுநீர்த் தோட்டங்களிலும் நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் மூடியே திறக்காத தொட்டியைத் திறந்தால் மேல் மணல் சுண்ணாம்பேறி ஓடுபோல் இறுகியிருக்கும். கையால் உடைத்தால் கட்டிகட்டியாக வரும். அந்த ஓட்டில் விழுந்த வெடிப்பு வழியே தண்ணீர் குறுக்கே பாய்ந்துவிடுவதால், அழுக்கு வடிபடாமல் டிரிப்பரில் போய் அடைக்கிறது. வடிகட்டியின் முன்னும் பின்னும் உள்ள பிரஷர் கேஜ்களுக்கிடையே அரை கிலோ வித்தியாசம் வந்தால் ஏறத்தாழ 5 மீட்டர் உயரத்துக்குத் தள்ளும் அழுத்தம் அங்கேயே செத்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் பேக்வாஷ் செய்ய வேண்டும். அதிலும் தீராவிட்டால் மணலை மாற்ற வேண்டும். இதே தொட்டி வழியாகப் பெரிய பம்பு தண்ணீரைத் தள்ளினால் குழாய் உராய்வு இரட்டிப்பு அல்ல. நீரோட்டம் இரண்டு மடங்கானால் இழப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. பல தோட்டங்களில் கேஜே இல்லை அல்லது முள் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. அந்த முள்ளை மாற்றும் செலவை யோசித்துக்கொண்டு மோட்டாருக்குக் கடன் வாங்குவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

காயில் கட்டுவதைவிடப் புதிது வாங்குவதே மேல் என்பார்கள். தரைமேல் நிற்கும் மோனோபிளாக் மோட்டாரின் பழைய காயிலை நெருப்பு வைத்துப் பொசுக்கி எடுத்தால் இந்த வாதம் சரி. இரும்புத் தகடுகளுக்கிடையே உள்ள பூச்சு கெட்டு, மோட்டார் அதிகம் மின்சாரம் தின்னும். ஆனால் முறையாகக் கட்டினால் திறன் பெரிதாகக் குறைவதில்லை என்று 2003இல் வெளியான, பிரிட்டிஷ்-அமெரிக்கப் பழுதுபார்ப்போர் சங்கங்களின் கூட்டுச் சோதனை காட்டியது. ஆக, வேலை செய்யும் கையைப் பொறுத்தது இது. சூட்டை அடக்கி, அதே கேஜ் கம்பியை, அதே சுற்று எண்ணிக்கையில் கட்டுபவரும், கையில் கிடைத்த கம்பியைத் திணிப்பவரும் ஒன்றல்ல.

‘மின்சாரம்தான் இலவசமாயிற்றே, திறன் குறைந்தால் என்ன?’ என்பது இன்னொரு வாதம். தமிழகத்தில் 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசம். அது தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கருகும் காயிலுக்கு மின்வாரியம் பணம் தருவதில்லை. தூக்கி இறக்கும் கூலி, காயில் கூலி, நிலக்கோட்டை மல்லிகையோ தக்காளியோ வாடும் அந்த நாட்களின் இழப்பு எல்லாம் தோட்டக்காரருடையது. இத்தனைக்கும் வேலைக்காரர்களுக்கு இன்று கிடைப்பது தூக்குவதற்கும் கட்டுவதற்குமான கூலி மட்டுமே. கருகியதைப் படித்துச் சொல்வதற்கும், நீர்மட்டம் பார்ப்பதற்கும், வடிகட்டியைத் திறந்து மணலைத் தொட்டுப் பார்ப்பதற்கும் யாரும் காசு தருவதில்லை. அதற்குத் தனிக் கூலி வைத்தால், அஞ்சு எச்.பி.யே போதும் என்று சொல்ல அவர்களுக்கும் ஒரு காரணம் கிடைக்கும்.